கணினிக் கதை விளையாட்டில் ஆடுவோர் தேர்வுக்குப் பொருள் உண்டா?

கதை கேட்பதும் கதை சொல்வதும் தமிழ் மக்களுக்குப் புதியன அல்ல. வேதாளம் வினாத் தொடுக்க, விக்கிரமாதித்தன் விடை பகரும் கதைகளைத் திண்ணையில் அமர்ந்து கேட்டு வளர்ந்தோர் நம்மிடையே இன்றும் உள்ளனர். 1572ஆம் ஆண்டில் வண்ணப்பரிமளப் புலவர் மதுரையில் அரங்கேற்றிய ஆயிரம் மசலாவும் வினாவும் விடையுமாக விரிந்து செல்வதே. ஆயினும் இவ்விரண்டிலும் கேட்போருக்குக் கதையில் கை வைக்கும் உரிமை இல்லை. வேதாளத்திற்கு என்ன விடை சொல்வது என்று திண்ணையில் இருந்தவரை எவரும் கேட்டதில்லை. இன்று நம் மாணவர் கைகளில் தவழும் கதைவழிக் கணினி விளையாட்டு அந்த உரிமையைத் தருவதாகச் சொல்கிறது. கதையை நடுவில் நிறுத்தி, 'இப்பொழுது நீ என்ன செய்வாய்?' என்று ஆடுவோரை நோக்கி வினவுகிறது. அவர் ஒன்றைத் தேர்ந்த பின்னரே கதை மேலே நகர்கிறது.

இதனைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஊர்ப் பெரியோர் பலர், கண்ணுக்கும் கேடு, காலத்துக்கும் கேடு என்று ஒரே தொடரில் முடித்துவிடுகின்றனர். அவர்தம் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், வெறுமனே சுட்டுத் தள்ளும் விளையாட்டையும், மனிதர் இடர்ப்பாட்டில் என்ன செய்வர் என்று கேட்கும் கதையையும் ஒரே கூடையில் கொட்டுவது முறையாகாது. மாணவர்களோ வேறொரு குறையைச் சொல்கின்றனர். 'எதைத் தேர்ந்தாலும் கடைசியில் ஒரே முடிவுதான் வருகிறது. பிறகு எங்களைக் கேட்பானேன்?' என்பது அவர்கள் குறை. பெரியோரின் கண்டனத்தைவிட மாணவரின் இக்குறையே நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. விதியும் மனித முயற்சியும், வணிகத்தில் நாணயம், இலக்கியத்தின் இயல்பு ஆகிய மூன்றும் இதில் பின்னிக் கிடக்கின்றன.

எடுத்துக்காட்டாக ஒன்றை விரிவாகக் காண்போம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டெல்டேல் கேம்ஸ் என்னும் நிறுவனம், 2012ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'தி வாக்கிங் டெட்' என்னும் கதையை ஐந்து அத்தியாயங்களாக வெளியிட்டது. வார இதழின் தொடர்கதைக்காக நம் முன்னோர் வியாழன் தோறும் கடைவாயிலில் காத்து நின்றதைப் போலவே, உலகெங்கும் இளைஞர் அடுத்த அத்தியாயத்திற்குக் காத்திருந்தனர். பிணங்கள் எழுந்து நடக்கும் கதை என்றதும் முகம் சுளிக்க வேண்டா. கதைத்தலைவன் லீ, பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த ஆசிரியன். கொலைக்குற்றத்திற்காகச் சிறைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் நாட்டைக் கேடு சூழ்கிறது. பெற்றோரைப் பிரிந்த கிளெமெண்டைன் என்னும் எட்டு வயதுச் சிறுமி அவன் பொறுப்பில் வந்து சேர்கிறாள். அவளைக் காப்பதே கதை.

அத்தியாயத் தொடக்கத்தில், ஆடுவோரின் தேர்வுகளுக்கு ஏற்பக் கதை தன்னை அமைத்துக்கொள்ளும் என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றுகிறது. நாம் ஒரு கடுஞ்சொல் சொன்னால், இதனைக் கிளெமெண்டைன் நினைவில் வைத்துக்கொள்வாள் என்று திரையின் மூலையில் எழுத்து மின்னுகிறது. முதல் அத்தியாய இறுதியில் கார்லி என்னும் பெண், டக் என்னும் இளைஞன் ஆகிய இருவருள் ஒருவரை மட்டுமே காப்பாற்ற இயலும்; அதற்குச் சில நொடிகளே அவகாசம். ஆடுவோர் பதறி ஒருவரைக் காக்கிறார். மூன்றாம் அத்தியாயத்தில், காக்கப்பட்டவர் எவராயினும், லில்லி என்பவளின் துப்பாக்கிக்கு இரையாகிறார். நான்காம் அத்தியாய இறுதியில் லீ கடிபடுகிறான். ஐந்தாம் அத்தியாயத்தில், நஞ்சேறிய கையை வெட்டிக்கொள்ள அவனுக்கு வாய்ப்புத் தரப்படுகிறது. வெட்டினாலும் அவன் இறக்கிறான், வெட்டாவிட்டாலும் இறக்கிறான். இறக்கும் தறுவாயில் அச்சிறுமிக்கு அவன் சொல்லும் கடைசிச் சொற்கள் எவை என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

இவ்வாறு ஏன் அமைத்தனர் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். ஓரிடத்தில் இரு வழிகள் பிரிந்து, அவை மீண்டும் சேராமலே செல்லுமாயின், பத்து இடங்களுக்குப் பின் 1024 கதைகள் எழுதியாக வேண்டும். இருபது இடங்களுக்குப் பின் அது பத்து இலட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓவியமும் குரலும் இசையும் வேண்டும். எந்த நிறுவனத்தின் பெட்டியிலும் அதற்குரிய பணம் இராது. ஆகவே கிளை பிரித்த கதையைச் சிறிது தூரம் சென்றதும் மீண்டும் ஒன்று சேர்த்துவிடுகின்றனர். 2018ஆம் ஆண்டு வெளிவந்த 'டெட்ராய்ட்: பிகம் ஹ்யூமன்' போன்ற சில, கிளைகளைப் பெருக்கி அவற்றின் வரைபடத்தையே ஆடுவோருக்குக் காட்டின. அவை விதிவிலக்குகளே.

பிரிந்து மீண்டும் சேர்வதனால் பிரிவுக்குப் பொருளில்லை என்று சொல்லிவிட முடியுமா? முத்துப்பேட்டையில் இருந்துகொண்டு அவ்வாறு சொல்ல நமக்கு நா எழவில்லை. கல்லணையில் காவிரியைப் பிரிந்து வரும் வெண்ணாறு, நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகிறது. பாமணியாறு மன்னார்குடி வழியே வருகிறது. கோரையாறு தன் வழியே வருகிறது. முடிவில் இரண்டும் நம் ஊர் அலையாத்திக் காட்டினிடையே உள்ள காயலில்தான் கலக்கின்றன. கடல் ஒன்றே. ஆயினும் மூணாறு தலைப்பில் எந்த மதகை எத்தனை அடி திறப்பது என்பது பற்றி உழவர் ஏன் கவலைப்படுகின்றனர்? முறைப்பாசனக் காலத்தில் எந்த ஆற்றில் எந்த வாரம் தண்ணீர் என்னும் அறிவிப்புக்காகக் கடைமடைக்காரர் ஏன் காத்துக் கிடக்கின்றனர்? இடையில் வயல்கள் உள்ளன என்பதே காரணம். தண்ணீர் எங்குச் சென்று முடியும் என்று எந்த உழவரும் கேட்பதில்லை. எந்த வாய்க்கால் வழியாக வரும் என்றே கேட்கிறார். கார்லியைக் காத்த மாணவன் இரண்டு அத்தியாயங்கள் அவளோடு பேசிப் பழகுகிறான். டக்கைக் காத்தவன் வேறொருவனோடு பழகுகிறான். அந்த இடைவெளியில் விளைவது வெவ்வேறு.

இவ்வளவு சொன்னதனால் மாணவர் குறையை முழுவதும் தள்ளிவிட்டோம் என்று எண்ணலாகாது. அக்குறை நூற்றுக்கு நூறு நியாயமாகும் இடங்களும் உண்டு. கனடா நாட்டுப் பயோவேர் நிறுவனத்தின் 'மாஸ் எஃபெக்ட்' 2007, 2010, 2012 என மூன்று பாகங்களாக வெளிவந்தது. ஒரு பாகத்தில் செய்த தேர்வு அடுத்த பாகத்திற்குத் தொடரும் என்பதே அதன் பெருமை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆடியவர்கள், மூன்றாம் பாகத்தின் இறுதியில் தாம் செய்தவற்றுக்கெல்லாம் ஏறத்தாழ ஒரே காட்சி விடையாக வந்தது கண்டு கொதித்தெழுந்தனர். அதே 2012 ஜூன் மாதத்தில் நிறுவனம் முடிவை விரித்து இலவசமாக ஓர் இணைப்பை வெளியிட வேண்டியதாயிற்று. பிரெஞ்சு நிறுவனமாகிய டோன்ட்நாட் 2015ஆம் ஆண்டு ஐந்து அத்தியாயங்களாக வெளியிட்ட 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' கதையில், மேக்ஸ் என்னும் மாணவி காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் ஆற்றல் பெறுகிறாள். கடைசியில் தோழி குளோயியா, ஊர் முழுவதுமா என்னும் ஒரே வினாவில் கதை வந்து நிற்கிறது. ஊரை இழப்பது என்று முடிவு செய்தால், ஊராருக்கு அதுவரை மேக்ஸ் செய்த உதவிகளெல்லாம் வெள்ளத்தில் கரைத்த புளியாகின்றன. தோழியை இழப்பது என்றாலோ, அவ்வாரம் நிகழ்ந்தவை நிகழாமலே போகின்றன.

இங்கே நாம் இலக்கியத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டு வணிக அறத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியதையும், வாங்குவோர் காணும்படி அந்த ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று விற்றவரைக் கண்டித்ததையும் நாம் அறிவோம். நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதத்திற்காக நாள்கணக்கில் நெல்லைக் காயவைக்கும் இவ்வட்டாரத்தாருக்கு அந்நிகழ்ச்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கதை ஒரே முடிவை நோக்கிச் செல்வது குறை அன்று. அதை மறைத்து, 'உன் தேர்வே கதையை ஆக்கும்' என்று மேலே காய்ந்த நெல்லைப் பரப்பி விற்பதே குறை. நம் கண்டனம் அந்த விளம்பரத்தோடு நிற்கிறது. கதையாசிரியனை அதில் சேர்க்க மாட்டோம்.

ஒரே வார்ப்பில் கதை மேல் கதையாக வார்த்துக்கொண்டே சென்ற டெல்டேல் நிறுவனம், 2018 செப்டம்பரில் ஏறத்தாழ 250 பணியாளரை ஒரே நாளில் வெளியேற்றியது. கிளெமெண்டைனின் கதையை வேறொரு நிறுவனம் பொறுப்பேற்று 2019 மார்ச்சில் முடித்து வைத்தது.

இனி விதிக்கு வருவோம். முடிவு முன்பே எழுதப்பட்டிருக்க, தேர்வுக்கு என்ன பொருள் என்னும் வினா இஸ்லாமியச் சிந்தனை வரலாற்றில் மிகப் பழைமையானது. மனிதனுக்குச் சிறிதும் விருப்புரிமை இல்லை என்றோரும், எல்லாம் அவன் படைப்பே என்றோரும் இரு முனைகளில் நின்று வாதிட்டனர். பஸராவில் பிறந்து பாக்தாதில் வாழ்ந்து பத்தாம் நூற்றாண்டில் மறைந்த இமாம் அபுல் ஹஸன் அல்-அஷ்அரீ (ரஹ்) அவர்கள் 'கஸ்பு' என்னும் கொள்கையை விளக்கினார்கள். செயலைப் படைப்பவன் இறைவன். அதனைத் தனதாக ஈட்டிக்கொள்பவன் மனிதன். ஆகவே அதற்குப் பொறுப்பும் அவனையே சாரும் என்பது அதன் சாரம். படைத்தவனின் நாட்டத்தையும் ஒரு விளையாட்டு எழுதியவரின் திட்டத்தையும் ஒப்பிடுவதாக எவரும் கருதிவிட வேண்டா. அது எட்டாத உயரம். நாம் சொல்ல வருவது மனிதனின் பக்கத்தைப் பற்றியே. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிக்கப்படும் என்று மதரஸாவின் முதல் பாடத்திலேயே கற்கிறோம். லீயின் கையை வெட்டிய மாணவன் அவனைக் காப்பாற்றவே வெட்டினான். பலிக்கவில்லை. பலிக்காததனால் அந்த எண்ணம் இல்லாமற் போய்விடவில்லை. இந்த இடத்தில், விளைவை மட்டுமே எண்ணிப் பழகிய மாணவரைவிடக் கதையே நம் மரபுக்கு நெருக்கமாக நிற்கிறது எனலாம்.

தமிழ்த்துறையின் மலரில் எழுதுகிறோமாதலால் ஈற்றடி பற்றிச் சொல்லாமல் விடலாகாது. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவைப் பாடி முடிக்கச் சொல்வது புலவர் அவைகளில் வழங்கிய சோதனை. முடிவு பிறர் கொடுத்தது. அதில் ஓர் எழுத்தையும் மாற்றலாகாது. அதற்கு முந்திய அடிகளே புலவருக்கு உரியவை. 1907 மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத் தம்பிப் பாவலரைப் பற்றித் தமிழுலகில் வழங்கும் செய்தி நம் துறை மாணவர் அறிந்ததே. துருக்கனுக்கு இராமன் துணை என்னும் பொருள்பட ஓர் ஈற்றடியை அவையில் ஒருவர் அவருக்குக் கொடுத்தாராம். ஓர் இஸ்லாமியப் புலவர் அதை எவ்வாறு முடிக்கப் போகிறார் என்று அவை காத்திருந்தது. பாவலர், இராமனின் தம்பியரை வரிசைப்படுத்தி வந்து, ஈற்றடிக்கு முந்திய சொல்லைச் 'சத்' என்னும் ஓரசையில் நிறுத்தினார். துருக்கன் சத்துருக்கன் ஆனான். தம்பிக்குத் தமையன் துணை என்பதில் எவருக்கு மறுப்பு? கொடுத்த முடிவு எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது. பொருளோ அடியோடு மாறிவிட்டது. பாவலரின் தேர்வுக்குப் பொருளில்லை என்று அந்த அவையில் எவரேனும் சொல்லியிருப்பாரா?

வெண்பா என்றதும் நினைவுக்கு வருவது, அப்பெயராலேயே வெளிவந்துள்ள ஒரு விளையாட்டு. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழு, 2023 ஜூலையில் 'வெண்பா' என்னும் கதை விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். கதை அத்தியாயம் அத்தியாயமாக ஆண்டுகளைத் தாண்டிச் செல்கிறது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஆடுவோர் செய்ய வேண்டியது சமையல். தாய்வீட்டிலிருந்து வந்த சமையற்குறிப்பேடு கிழிந்தும் மை அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட வரிகளை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும், பிரியாணி ஆக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு பிரிட்டிஷ் திரைப்படக் கழகமாகிய பாஃப்டாவின் விளையாட்டு விருதுகளில், சிறந்த முதற்படைப்புக்கான விருதை அது பெற்றது. இட்லித் தட்டை எவ்வாறு அடுக்குவது என்று ஐரோப்பியர் மண்டையை உடைத்துக்கொண்டனர் என்பதில் நமக்குச் சிறிது மகிழ்ச்சியும் உண்டு!

இதிலும் உரையாடலில் தேர்வுகள் வருகின்றன. மகனிடம் கனிவாகப் பேசலாம், கண்டிப்பாகவும் பேசலாம். கதையின் போக்கு மாறுவதில்லை. எவ்வாறு பேசினாலும் பள்ளியில் கவின் 'கெவின்' ஆகிறான். தமிழ் அவன் நாவிலிருந்து நழுவுகிறது. வளர்ந்ததும் வீட்டை விட்டு விலகிப் போகிறான். தந்தை மறைகிறார். தாய் தனியளாய் இந்தியா திரும்புகிறாள். மாணவர் சொல்லும் குறையை அப்படியே இதன் மேலும் சுமத்தலாம். ஆனால் வெண்பா எந்த இடத்திலும், உன் தேர்வால் மகனைத் தடுத்து நிறுத்தலாம் என்று வாக்களிக்கவில்லை. உள்ளே ஈரம் என்றால் மேலேயும் ஈரமே. ஒரு தாய்க்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் உண்டோ அவ்வளவே ஆடுவோருக்கும் தரப்பட்டுள்ளது: சமைக்கலாம், பேசலாம், காத்திருக்கலாம்.

நம் ஊரில் இக்கதை எத்தனை வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. சபுர் சென்றவர்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கின்றனர். சிலர் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது உம்மம்மாவிடம் நான்கு சொல் தமிழில் பேசத் திணறுகின்றனர். பயணத்தைத் தேர்ந்தது குடும்பத்திற்காக. அதன் முடிவு இதுவென அன்று எவரும் அறியார். அந்தத் தேர்வு தவறு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. தொலைபேசியில் வாரந்தோறும் உம்மா சொல்லிக்கொடுக்கும் சமையற்பக்குவம் வீண் என்றும் நாம் சொல்ல மாட்டோம். கதையின் இறுதிப்பகுதியில் கவின், அந்தக் கிழிந்த ஏட்டைத் தட்டுத் தடுமாறிப் படித்துச் சமைக்க முனைகிறான். பிறகு தாயைக் காண வருகிறான். அவள் முன்னே சமைத்த ஒவ்வொன்றும் ஆடுவோர் கையால் சமைத்தது. ஆகவே கவின் தேடுவது எது என்பது ஆடியவருக்கு நன்றாகத் தெரியும். கதையை ஒருவர் வாயால் சொல்லக் கேட்டால் இது கிட்டாது. ஆடியதனாலேயே கிட்டுகிறது.

ஒன்றை மட்டும் நம்மால் ஏற்க முடியவில்லை. டெல்டேல் முறையில், அத்தியாயம் முடிந்ததும் எத்தனை விழுக்காட்டினர் உன்னைப் போலத் தேர்ந்தனர் என்று புள்ளிவிவரம் காட்டுகின்றனர். மனச்சான்றோடு நிகழ்ந்த தனியுரையாடலை இது தேர்தல் முடிவாக்கிவிடுகிறது. அடுத்த முறை மாணவர் தம் உள்ளத்தைக் கேளாமல் பெரும்பான்மையை ஊகிக்கத் தொடங்குகின்றனர். சிறுபான்மையில் நின்றவன் தான் தவறிவிட்டதாக எண்ணி வெட்குகிறான். அவன் வெட்கப்பட யாதொரு காரணமும் இல்லை.

இவ்வகைக் கதைகளைத் தமிழில் எழுதப் புலம்பெயர்ந்தோர் மட்டுமே முன்வர வேண்டும் என்பதில்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது நம் பகுதித் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. அலையாத்திக் காடும் சிதைந்தது. அந்த இரவைக் கதையாக்குவோமாயின் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததே. தென்னை சாயத்தான் போகிறது. ஆனால் முன்னிரவில் செய்ய வேண்டியவை எத்தனை! மாட்டை அவிழ்த்துவிடுவதா, கொட்டிலிலேயே கட்டி வைப்பதா? கூரை வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக் கிழவியை மாடி வீட்டுக்கு யார் சென்று அழைப்பது? வர மறுத்தால் என்ன சொல்லி அழைப்பது? பள்ளிவாசலின் ஒலிபெருக்கியை யார் திறந்து எச்சரிப்பது? கடலுக்குப் போனவர் வீட்டில் என்ன பேசுவது? நம் மாணவர் பலர் அன்று சிறுவராக இருந்து இவற்றை நேரில் கண்டவர்கள். இன்னும் அவர்கள் எழுதவில்லை.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் டுவைன் என்னும் மென்பொருளில் தமிழ் எழுத்திலேயே கிளைக்கதை எழுதலாம். படம் வரையவோ குரல் பதிவு செய்யவோ கட்டாயமில்லை. ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டி நடத்தும் நம் துறை, அடுத்த ஆண்டு ஈற்றடியைப் போல ஒரு முடிவை மட்டும் கொடுத்து, அதுவரையிலான தேர்வுகளை மாணவரே அமைத்து வருமாறு கேட்டுப் பார்க்கலாம். நடுவராக இருக்கப் பெரியோர் இருவரை அழைப்பதும் நன்று. ஆடிப் பார்த்த பிறகு அவர்கள் ஏசினால் நாம் கேட்டுக்கொள்கிறோம்.